ஊற்றுகிறவளும் ருசிக்கிறவனும்

மூத்த பிளினி தன் ‘இயற்கை வரலாறு’ நூலின் 14ஆம் பகுதியைத் திராட்சைக்கும் ஒயினுக்கும் ஒதுக்கியிருக்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட நூல். எந்தச் சரிவில் விளைந்த ஒயின் உயர்ந்தது, எது எத்தனை ஆண்டு தாங்கும் என்று ஒரு ரசிகரின் ஆசையோடு வரிசைப்படுத்திக்கொண்டே போகிறவர், நடுவில் மூன்று செய்திகளைச் சொல்கிறார். சாடியிலிருந்து ஒயின் குடித்த மனைவியை ஒருவன் தடியால் அடித்தே கொன்றான். ரோமுலஸ் அவனைக் குற்றமற்றவன் என்று விட்டுவிட்டான். ஒயின் அறையின் சாவிகள் இருந்த பெட்டியைத் திறந்த ஒரு பெண்ணை அவளுடைய வீட்டாரே பட்டினி போட்டுக் கொன்றார்கள். மூன்றாவது, கேட்டோ சொன்னதாக வருவது: உறவுக்கார ஆண்கள் வீட்டுப் பெண்களுக்கு முத்தம் கொடுக்கும் வழக்கம், அவர்களிடம் ஒயின் வாசம் அடிக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்டது.

பழங்கதை கலந்த செய்திகள்தாம். பிளினியே அவற்றை முன்னோர் காலத்துச் சங்கதிகளாகத்தான் சொல்கிறார். ஆனால் ஒயின் ரசனை பற்றிய ஒரு பழைய நூலில், ஒயின் குடுவைக்குள் நுழைகிற அதே ஆண் மூக்கு பெண்ணின் வாய்க்குள்ளும் நுழைந்து பார்க்கிறது என்பதை நான் வெறும் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒயினை மோந்து தீர்ப்பு சொல்வது ஓர் அதிகாரம். அந்த அதிகாரம் யாரிடம் இருந்தது, அதற்கு எந்த மொழி கிடைத்தது, இன்று ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சிவப்பு ஒயின் பாட்டிலைத் திறக்கும் பெண்ணிடம் அது வந்து சேர்ந்திருக்கிறதா என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

அந்தக் காலத்திலேயே மத்தியதரைக்கடல் ஒயின் தமிழ்நிலத்துக்கும் வந்தது. அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போரா சாடிகளின் உடைசல்கள் அதற்குச் சாட்சி. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் ஏந்தி வளையணிந்த பெண்கள் நாள்தோறும் ஊட்ட, அவன் மகிழ்ந்திருக்க வேண்டும் என்கிறார். அரசனுக்கு மகிழ்ச்சி இருக்கிறது. மதுவுக்கு மணம் இருக்கிறது. பெண்களுக்கு வளை இருக்கிறது. அவர்களுக்கு நாக்கு இருந்ததாகப் பாட்டு சொல்லவில்லை. அதே தொகுப்பில் 235ஆம் பாட்டில் ஒளவை, இறந்துபோன அதியமானை நினைத்து அழுகிறாள். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான் என்கிறாள். அது திராட்சை ஒயின் இல்லை, உள்ளூர்க் கள். ஆனால் அங்கே ஒரு பெண் பந்தியில் உட்கார்ந்திருக்கிறாள். ஊற்றிக் கொடுக்க நிற்கவில்லை. பிற்காலக் கதைகள் ஒளவையைக் கம்பூன்றிய பாட்டியாக்கிப் பிள்ளைகளுக்கு நீதி சொல்ல வைத்தபோது அந்தக் கள் எங்கே போயிற்று என்று யோசித்துப் பார்க்கலாம்.

இனி இன்றைய கையேடுகளுக்கு வருவோம். வீட்டில் சிவப்பு ஒயினை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பரிமாறுவது, எப்படி ருசிப்பது என்று சொல்லித்தரும் நூல்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஏராளம். அவற்றில் நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு ஜோடிச் சொல் உண்டு: ஆண்மையுள்ள ஒயின், பெண்மையுள்ள ஒயின். பர்கண்டியில் ஷாம்போல்-முசினி பெண், ஜெவ்ரே-ஷாம்பெர்தான் ஆண். ஒரே பினோ நுவார் திராட்சை. ஒரே வட்டாரத்தில் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு கிராமங்கள். போர்தோவில் மார்கோ பெண், போயாக் ஆண். இத்தாலியின் பரோலோவில் லா மோராப் பக்கத்து ஒயின் பெண், செரலுங்காப் பக்கத்தது ஆண். எங்கு போனாலும் வரிசை மாறுவதில்லை. மணமும் மென்மையும் நளினமும் இருந்தால் பெண். கட்டமைப்பும் வலுவும் நீண்ட ஆயுளும் இருந்தால் ஆண்.

இந்தச் சொற்களுக்குப் பின்னால் உண்மையில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் டானின். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் ஒரு பொருள். சாற்றோடு தோல் எத்தனை நாள் ஊறியது, மண் எப்படிப்பட்டது, கோடை எவ்வளவு நீண்டது, எந்தப் பீப்பாயில் வைத்தார்கள் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். ‘இந்த ஒயினில் டானின் குறைவு’ என்று சொன்னால் வாசிக்கிறவள் அதைத் தன் நாக்கில் சோதித்துப் பார்க்கலாம். இல்லையே என்று மறுக்கலாம். ‘இது பெண்மையுள்ள ஒயின்’ என்றால் எதைச் சோதிப்பது? அந்த வாக்கியம் ஒயினைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்கிறவன் பெண்கள் எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறான் என்பதைத்தான் சொல்கிறது. அதைப் படிக்கும் பெண்ணுக்கு விநோதமான ஓர் இடம் கிடைக்கிறது: கோப்பையைப் பிடித்திருப்பவளும் அவளே, கோப்பைக்குள் இருப்பவளும் அவளே.

எல்லா உருவகத்தையும் தூக்கியெறிய வேண்டும் என்பது என் கட்சி அல்ல. ஒயினின் ‘உடல்’ என்பது பயனுள்ள சொல்தான். வாயில் அது தண்ணீர்போல ஓடுகிறதா, பால்போல நிற்கிறதா என்ற கனத்தை அது குறிக்கிறது; ஆல்கஹால் கூடினால் கனமும் கூடும். ஆனால் ‘கால்கள்’ என்ற சொல்லைப் பாருங்கள். கோப்பையைச் சுழற்றி நிறுத்தினால் கண்ணாடிச் சுவரில் கோடுகோடாக வழியும் துளிகளுக்கு ஆங்கிலத்தில் அப்படிப் பெயர். அழகான கால்கள் என்று மேசையில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் சிரிக்கும் நகைச்சுவை இந்தச் சொல்லோடு கூடவே வருகிறது. ஜேம்ஸ் தாம்ஸன் 1855இலேயே இதன் காரணத்தைச் சொல்லிவிட்டார். ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகிறது. மேலேறிய மெல்லிய படலத்தில் தண்ணீரின் பங்கு கூடுகிறது. பரப்பு இழுவிசை மாறி, திரவம் மேலே இழுபட்டுத் துளியாகி வழிகிறது. தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதே துளிகளைக் கண்ணீர் என்றும் சொல்வார்கள். ஜெர்மானியர்கள் தேவாலய ஜன்னல் என்கிறார்கள். உருவகம் திரவத்திலிருந்து தானாக வழிவதில்லை. யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள்.

அந்தத் தேர்வு நாக்குக்கு முன்பே நடந்துவிடுகிறது என்பதற்கு ஒரு நல்ல ஆதாரம் 2001இல் வெளிவந்தது. போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினையும், அதே வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்ததையும் கொடுத்தார்கள். சாயம் போட்டதை அவர்கள் சிவப்புப் பழங்களின், கருத்த பழங்களின் பெயர்களால் விவரித்தார்கள். அந்த மாணவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்காக இந்தச் சோதனையை அடிக்கடி எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. கண் முதலில் ஒரு பெயரை எடுத்துக் கொடுக்கிறது; மூக்கு அதைத் தேடிப் போகிறது. நிறத்துக்கே இந்த வலு என்றால், பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் ஊர்ப் பெயருக்கும், அந்த ஊரோடு ஒட்டியிருக்கும் ‘பெண்மை’ என்ற சொல்லுக்கும் எவ்வளவு வலு இருக்கும்?

அதற்கு முன்பே, 1983இல், மொழியியலாளர் ஏட்ரியன் லெரர் ‘ஒயினும் உரையாடலும்’ என்ற பொருளில் பெயரிட்ட தன் நூலில் வேறொரு கேள்வியைக் கேட்டிருந்தார்: ஒயினைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறார்களா? ஒருவர் ஒயினை விவரிக்க, அந்த விவரிப்பை மட்டும் வைத்து இன்னொருவர் அதே ஒயினை அடையாளம் காண வேண்டும். சாதாரணக் குடிப்பவர்களால் அது பெரும்பாலும் முடியவில்லை. ஆனாலும் அவர்கள் மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் லெரர் கவனிக்கிறார். மேசைப் பேச்சின் வேலை தகவல் சொல்வது மட்டுமல்ல, கூடியிருப்பதும்தான். எனக்கு இந்த நூலில் பிடித்தது அந்தப் பெருந்தன்மை. பொய்யைக் காட்டிக் கொடுக்கிறார், ஆனால் விருந்தைக் கலைக்கவில்லை.

மொழியை மாற்றிக் காட்டியவர் இன்னொரு பெண். ஆன் நோபல், கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் திராட்சை, ஒயின் துறைக்கு 1974இல் ஆசிரியராக வந்தார்; அந்தத் துறைக்கு வந்த முதல் பெண் ஆசிரியர். 1984இல் அவரும் அவருடைய சகாக்களும் ஒயின் மணச் சக்கரத்தை வெளியிட்டார்கள். மூன்று வட்டங்கள். உள்வட்டத்தில் பழம், பூ, மசாலா, மரம், மண் போன்ற பொது வகைகள்; வெளிவட்டத்துக்குப் போகப்போக மிளகு, கிராம்பு, ராஸ்பெர்ரி, நனைந்த அட்டை, ஈர நாய் என்று குறிப்பான பெயர்கள். நளினம், சமநிலை போன்ற சொற்களுக்குச் சக்கரத்தில் இடமில்லை. பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்பதற்கும் இல்லை. என்ன வாசம் அடிக்கிறது என்பதற்கு மட்டுமே இடம்.

சொற்களைவிட முக்கியமானது அவர் அவற்றைக் கற்றுத்தந்த முறை. வாசனை இல்லாத சாதாரண ஒயினைக் கோப்பைகளில் ஊற்றி, ஒன்றில் கிராம்பு, ஒன்றில் மிளகு, ஒன்றில் குடைமிளகாய்த் துண்டு, ஒன்றில் டப்பாவில் வரும் அஸ்பாரகஸின் உப்புநீரில் சில துளி என்று போட்டு வைப்பது. மோந்து பார்த்துப் பெயரைப் பழகு, பிறகு உண்மையான ஒயினுக்குப் போ. இதற்குத் தேவைப்பட்டதெல்லாம் மளிகைக் கடையில் கிடைக்கும். நிலவறையும் பரம்பரையும் வேண்டியதில்லை. இதை எந்த அடுக்களையிலும் செய்யலாம். நான்கு பெண்கள் ஒரு பிற்பகலில் செய்து முடித்துவிடலாம். ரசனை என்பது பிறப்பால் வருவது என்ற நம்பிக்கையைப் பெரிய அறிக்கை எதுவும் இல்லாமல் உடைத்த ஒரு காரியமாக இதை நான் பார்க்கிறேன்.

2008இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், ஷிராஸ் ஒயினில் வரும் மிளகு வாசத்துக்கு ரொட்டண்டோன் என்ற பொருளே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். மிளகில் இருப்பதும் அதே பொருள்தான். ஆகவே மிளகு வாசம் என்று சொன்னவள் உவமை சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அந்த ஆய்விலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் தெரியவே இல்லை. மேசையில் பெரிய ஒயின் ரசிகர் ஒருவர் ‘மிளகா? எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லையே’ என்று புன்னகைத்தால், தெரியாமல் இருப்பது அவருடைய மூக்கின் விஷயமாக இருக்கலாம்.

நோபலின் சக்கரத்திலும் எனக்குக் குறைகள் உண்டு. அது கலிஃபோர்னியச் சமையலறையின் மூக்கு. கருந்திராட்சைப் பழம் என்று நாம் மொழிபெயர்க்கக்கூட முடியாத பிளாக்கரண்டை முகர்ந்தே பார்க்காத பெண் அந்த வெளிவட்டத்தைப் படித்தால் தனக்கு ரசனை இல்லையோ என்று ஒதுங்கிவிடுவாள். ஆனால் சக்கரம் மனப்பாடம் செய்வதற்கு அல்ல, செய்முறையாகப் பயன்படுத்துவதற்கு. நாவல்பழம், களாக்காய், உலர்ந்த அத்தி, வெந்தயம், புளி வைத்த பானை, மழை விழுந்த மண், பட்டை, ஊறிய கடுக்காய் என்று அவள் தன் வெளிவட்டத்தை எழுதிக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் நம் மொழி முன்னே நிற்கிறது. டானின் வாயில் செய்யும் வேலையைச் சொல்ல ஆங்கிலக் கையேடுகள் பக்கம் பக்கமாகப் பாடுபடுகின்றன: ஆறிப்போன கட்டிச் சாயத் தேநீர், நாக்கில் உரசும் துணி, ஈறு உலர்வது என்று. தமிழில் அதற்குத் துவர்ப்பு என்று பெயர், அறுசுவைகளில் ஒன்று. வாழைப்பூவை ஆய்ந்து மோரில் போடுகிறவளுக்குத் துவர்ப்பு என்ன என்பதும் அதை எது தணிக்கும் என்பதும் தெரியும். பாலில் உள்ள புரதம் டானினோடு சேர்ந்துகொள்வதால் துவர்ப்பு அடங்குகிறது. துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயினோடு பாலாடைக்கட்டியோ இறைச்சியோ சாப்பிடச் சொல்லும் புகழ்பெற்ற விதியும் இதே சங்கதிதான். ஒரு பக்கம் அது நிபுணத்துவம் என்று அழைக்கப்படுகிறது. இன்னொரு பக்கம் அது பாட்டி சொன்ன பக்குவம்.

இதை வைத்துப் பெண்களின் மூக்கு இயல்பாகவே கூர்மையானது என்று யாரும் பாராட்ட வர வேண்டாம். அந்தப் பாராட்டு நம்மைத் திரும்பவும் உடலுக்குள் போட்டு மூடுகிறது. அடுக்களையில் நிறுத்தப்பட்டதால் பழகிய மூக்கு அது. பழகியது அறிவு, அறிவுக்கு உரிய மதிப்பு வேண்டும்.

அறிவு இருந்தால் போதுமா என்பதை இரண்டு திரைப்படங்கள் எனக்குக் காட்டின. முதலாவது, அலெக்சாண்டர் பெய்ன் இயக்கி 2004இல் வந்த ‘சைட்வேஸ்’. மைல்ஸ் பள்ளி ஆசிரியர், வெளியாகாத நாவலின் ஆசிரியர், ஒயின் பித்தர். மாயா உணவகத்தில் பரிமாறுகிறாள், தோட்டக்கலை படிக்கிறாள். ஒரு தோழியின் வீட்டில் இரவு இருவரும் ஒரு சிவப்பு ஒயினைக் குடிக்கிறார்கள். மாயா ருசித்துவிட்டு, ஆல்கஹால் அதிகம், பழத்தை அமுக்கிவிட்டது என்கிறாள். துல்லியமான, சோதிக்கக்கூடிய விமர்சனம். மைல்ஸ் ஒத்துக்கொண்டு ‘ரொம்ப நல்லது’ என்று பாராட்டுகிறான். விடைத்தாளில் மதிப்பெண் போடும் வாத்தியாரின் குரல். அதன்பின் பினோ நுவார் திராட்சை ஏன் பிடிக்கும் என்று அவன் சொல்லும்போது தன்னைப் பற்றித்தான் பேசுகிறான்: மெல்லிய தோல், எளிதில் வாடுவது, யாராவது பொறுமையாகக் கவனித்தால்தான் மலர்வது. மாயா பேசும்போது அந்தத் திராட்சை வளர்ந்த ஆண்டின் வெயிலையும் மழையையும், அதைப் பறித்த மனிதர்களையும், அவர்களில் பலர் இன்று இறந்துபோயிருப்பார்கள் என்பதையும் நினைக்கிறாள். படத்தில் ஒயினைப் பற்றிய மிகச் சிறந்த பேச்சு அவளுடையது. ஆனால் கதையின் விலையுயர்ந்த பாட்டில், 1961ஆம் ஆண்டின் ஷெவால் பிளாங், அவனுடையது. விசேஷ நாளுக்காகக் காத்திருக்காதே, அதைத் திறக்கும் நாள்தான் விசேஷம் என்று கற்றுக்கொடுத்தவள் மாயா. அவன் அதைத் தனியாக ஒரு பர்கர் கடையில், தூக்கியெறியும் கோப்பையில் ஊற்றிக் குடிக்கிறான். அந்தக் காட்சியைத் துயரத்தின் உச்சமாக விமர்சகர்கள் கொண்டாடினார்கள். எனக்கு அங்கே இல்லாத இரண்டாவது கோப்பைதான் கண்ணில் படுகிறது.

இரண்டாவது, கேப்ரியல் ஆக்செலின் ‘பாபெட்டின் விருந்து’, 1987. ஐசக் டைனசன் என்ற ஆண் பெயரில் எழுதிய கரேன் பிளிக்ஸனின் கதை அது; முதலில் 1950இல் அமெரிக்காவின் ஒரு மகளிர் இதழில் வந்தது. பாரிஸ் கம்யூன் ஒடுக்கப்பட்டபோது தப்பி வந்த பாபெட், டென்மார்க்கில் ஒரு கடலோரக் கிராமத்தில் பக்திமிக்க இரு சகோதரிகளின் வீட்டுச் சமையல்காரி. லாட்டரியில் விழுந்த 10,000 ஃபிராங்கையும் ஒரே விருந்தில் செலவழிக்கிறாள். பாட்டில்கள் வந்து இறங்கும்போது சகோதரிகளில் ஒருத்தி, இது ஒயினா என்று பயந்துபோய்க் கேட்கிறாள். பாபெட் திடுக்கிட்டவளாக அதன் பெயரையும் ஆண்டையும் சொல்கிறாள்: குளோ வூஜோ. ஒயின்களுக்குப் பெயர் உண்டு என்பதே கேட்டவளுக்கு அன்றுதான் தெரிகிறது. இரண்டு பெண்களுக்கிடையே, ஒரு வீட்டு வாசலில், ஒரு சிவப்பு ஒயினுக்குப் பெயர் சொல்லப்படுகிறது. நான் படித்த ஒயின் எழுத்திலெல்லாம் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

விருந்தில் என்ன நடக்கிறது? ருசியை அடையாளம் கண்டு சொல்பவர் தளபதி. ஒவ்வொரு கோப்பையையும் தூக்கிப் பார்த்து வியப்பவர் அவர். பாரிஸில் இப்படிச் சமைத்த ஒரு பெண்ணை அவருக்கு நினைவிருக்கிறது; அவள் இரண்டடி தூரத்தில் அடுக்களையில் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாமலேயே வண்டியேறிப் போகிறார். பரிமாறல் முடிந்தபின் பாபெட் அடுக்களையில் உட்கார்ந்து தனக்கென ஒரு கோப்பை ஒயினைக் குடிக்கிறாள். யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவில்லை. வீட்டில் ஒயினைத் தேர்ந்தெடுத்தவள், வரவழைத்தவள், எதற்கு எது என்று தீர்மானித்தவள் அவள். தீர்ப்பு சொல்லும் நாற்காலி மட்டும் வேறு அறையில் இருந்தது. பிளிக்ஸன் இதை அறியாமல் எழுதவில்லை. தன்னைக் கலைஞர் என்று பாபெட் அறிவிக்கும் முடிவை அதற்காகவே வைத்திருக்கிறார்.

இன்றைய சந்தை அந்த நாற்காலியைப் பெண்களுக்குத் தந்துவிட்டதாகச் சொல்கிறது. உண்மைதான், கதவுகள் திறந்திருக்கின்றன. ‘மாஸ்டர் ஆஃப் ஒயின்’ தேர்வு லண்டனில் 1953இல் தொடங்கியது. முதல் பெண் தேறியது 1970இல். ஆனால் கடைத்தட்டில் நடப்பது வேறு. அமெரிக்காவில் ‘மம்மி ஜூஸ்’ என்ற பெயரில் ஒரு ஒயின் வந்தது, ‘மம்மிஸ் டைம் அவுட்’ என்ற பெயரில் இன்னொன்று. ‘மம்மி’ என்ற சொல் யாருக்குச் சொந்தம் என்று 2011இல் விவகாரம் நீதிமன்றம்வரை போனது. அந்தப் பெயர்கள் சொல்வது இதுதான்: பகலெல்லாம் சம்பளமில்லாத வேலை செய், ராத்திரி ஒரு கோப்பை கூலி. அதில் என்ன திராட்சை, எந்த ஊர் என்று அவள் கேட்கப்போவதில்லை என்ற நம்பிக்கையும் அந்த லேபிளில் இருக்கிறது. பிளினி காலத்தில் சாவியை மறைத்தார்கள். இப்போது சாவியைக் கொடுத்துவிட்டு, யோசிக்காமல் குடி என்கிறார்கள்.

இதை வாசிக்கும் தோழி ஒருத்தி இந்நேரம் கேட்டிருப்பாள்: மதுக்கடையை மூடச் சொல்லிப் பெண்கள் சாலையில் உட்காரும் நாட்டில் ஒயின் ரசனை ஒரு கேடா? நியாயமான கேள்வி. நம் ஊரில் ‘ஒயின்ஷாப்’ என்ற சொல்லே கணவன் சம்பளத்தைத் தொலைக்கும் இடத்துக்கு வழங்கிய பெயர். அந்தப் பெண்களின் பக்கம்தான் நானும். குடித்துவிட்டு வருகிறவனின் வாயை மோந்து பார்த்துப் பயப்படுகிறவள் ரோமானியக் கதையைத் தலைகீழாக வாழ்கிறாள். மூக்கு அவளுடையது, ஆனால் அடியும் அவளுக்கே. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1991இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பிறகு, சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1988இலேயே வகைப்படுத்தப்பட்டிருந்தது. மார்பகப் புற்றுநோயும் பின்னர் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. ஆகவே மருந்து என்று எண்ணி யாரும் குடிக்க வேண்டாம். குடிக்காமல் இருப்பதும் ஒரு தேர்வு, அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்வது குடிக்கிற பெண்ணைப் பற்றி. எதைக் குடிக்கிறோம், எவ்வளவு, எப்போது போதும் என்று தானே தீர்மானிக்கும் உரிமையும் அறிவும் அவளுக்கு வேண்டும்.

அந்த உரிமை நடைமுறையில் சில சின்ன விஷயங்களாக இருக்கிறது. சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ பரிமாறு என்பது விதி. யாருடைய அறை? கணப்பு வருவதற்கு முந்தைய பிரெஞ்சு வீட்டின் குளிர்ந்த அறை அது. 16 முதல் 18 டிகிரி. சென்னையின் 32 டிகிரி அறையில் அதே ஒயினில் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். பாட்டிலை அரைமணி நேரமாவது ஃபிரிட்ஜில் வையுங்கள். துவர்ப்பு குறைந்த காமே போன்ற ஒயினை இன்னும் குளிராகவே குடிக்கலாம். காரமான சாப்பாட்டோடு துவர்ப்பும் ஆல்கஹாலும் மிகுந்த ஒயின் வைத்தால் காரம் இன்னும் எரியும். அங்கே லேசானதே நல்லது. புளிப்பான குழம்புக்குப் புளிப்புள்ள ஒயின், இல்லாவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம், வாசம் நிற்க இடம் வேண்டும். மீந்ததைத் தக்கையால் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். பாட்டிலைக் காலி செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யார் வீட்டிலும் இல்லை.

கடைசியாக, முதல் மிடறு. உணவகங்களில் அதை ஆணின் கோப்பையில்தான் ஊற்றுவார்கள், பெண்ணே பணம் கொடுப்பவளாக இருந்தாலும். அந்தச் சடங்கின் உண்மையான வேலை சாதாரணமானது. சில பாட்டில்களில் தக்கை கெட்டு, ஒயினில் நனைந்த செய்தித்தாள் வாசம் ஏறிவிடும். விருந்தினருக்கு ஊற்றும் முன் அப்படி ஏதும் இருக்கிறதா என்று மோந்து பார்க்கத்தான் அந்த முதல் மிடறு. பிடித்திருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. வீட்டில் இந்த வேலை விருந்தளிப்பவருடையது என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. பாட்டிலைத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்தவள், அதற்கேற்பச் சமைத்தவள், ஃபிரிட்ஜிலிருந்து சரியான நேரத்தில் எடுத்து வைத்தவள் யார்? அப்படியானால் அந்தக் கையேடுகளின் விதிப்படியே முதலில் மோந்து பார்க்க வேண்டியது அவள். பாட்டிலை வாங்கித் தன் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, நிதானமாக மோந்து, சரியாக இருக்கிறது என்றோ கெட்டுப்போயிருக்கிறது என்றோ அவள் சொல்லட்டும். மேசையில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்கலாம்.